சுறாகட்டி கயிற்றை இழுத்த வாரம்

அச்சகத்தின் வாசற்படியில் கிடந்த சுறாத் தாடையை முதலில் பார்த்தவள் நான்தான். காலை எட்டு மணி இருக்கும். சதை இன்னும் ஒட்டியிருந்ததால் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. பற்களுக்கு நடுவே யாரோ ஒரு காகிதத்தைக் கசக்கித் திணித்திருந்தார்கள். குடைக்காம்பால் அதை வெளியே இழுத்து விரித்தேன். எங்கள் வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கம் அது. படத்தில் இருந்த வீரனின் முகத்தை மட்டும் ஆணியால் குத்திக் கிழித்திருந்தார்கள். முகம் இருந்த ஓட்டை வழியாகப் படிக்கல் தெரிந்தது.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில், சங்கு சேர்த்துவைக்கும் கிட்டங்கிகள் இருந்த தெருவில் எங்கள் அச்சகம். நாசரேத்தில் மிஷன் பள்ளிப் படிப்பை முடித்திருந்த எனக்கு அங்கே பிழை திருத்தும் வேலை. வாசகர் கடிதங்களைப் பிரித்துப் படித்து முதலாளிக்குச் சொல்வதும் என் பொறுப்பு. கப்பல்காரர் எவரோ விட்டுப்போன வெளிநாட்டுப் படக்கதைப் புத்தகம் ஒன்று ஒருமுறை முதலாளி கைக்கு வந்ததாம். அதில் முகமூடி போட்ட ஒருவன் கட்டடங்களுக்கு மேலே பறந்துகொண்டிருந்தானாம். “பறக்குதவன் நமக்கு எதுக்கு? நம்ம ஆளு கடல்ல முங்கட்டும்” என்று சொல்லி முதலாளி உருவாக்கிய வீரன்தான் சுறாகட்டி.

தங்க அரைக்கச்சை, காற்றில்லாத கடலடியிலும் பறக்கும் சிவப்பு மேல்துண்டு, மடங்காத மீசை. அவன் இடது கையை உயர்த்தினால் சுறாக்களின் வாய் கட்டிக்கொள்ளும். மூச்சு முட்டாது, பயம் தெரியாது. மூன்று வருடங்கள் ஊரே அவனைக் கொண்டாடியது. கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கப் போகிறவர்கள் அவன் படத்தைத் தோணியின் உட்பலகையில் ஒட்டிவைத்தார்கள். நானும் அவனுடைய பக்கத்தை அச்சேறும் முன்பே படித்துவிடுகிற பெருமையில் திரிந்தவள்தான்.

அவனை வரைந்துவந்தவர் கொழும்புக்குப் போய்விட்டபோது, ஆலந்தலைக்காரர் ஒருவர் அந்த இடத்துக்கு வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். நாங்கள் அவரைப் படக்கார அண்ணாச்சி என்று அழைத்தோம். சங்கு குளித்துக் குளித்து இடது காது செவிடாகி, அதன் பிறகு அச்சுக்கு மரக்கட்டையில் படம் செதுக்கக் கற்றுக்கொண்டவர். குனிந்து செதுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். நான் பார்த்துக்கொண்டே இருப்பேன், எப்போது விடுவார் என்று.

முதல் வாரமே அவர் சுறாகட்டியின் மேல்துண்டை எடுத்துவிட்டார். இரண்டாம் வாரம் அரைக்கச்சை போயிற்று. ஒட்டிய வயிறும் உப்பு பூத்த தோளுமாக, கரையில் தினம் பார்க்கிற ஒரு மனிதனாக அவன் நின்றான். மூன்றாம் வாரம் வந்ததுதான் அந்தப் படம். கடலடியில் சுறாகட்டி கையை உயர்த்துகிறான். சுறாவின் வாய் மூடவில்லை. அவன் கண்கள் விரிகின்றன. அடுத்த கட்டத்தில் இரண்டு கைகளாலும் இடுப்புக் கயிற்றை இழுக்கிறான். மேலே தோணியில் இருப்பவர்களுக்கு, என்னைத் தூக்குங்கள் என்று குளிப்பவன் சொல்லும் சைகை அது.

அந்தப் படத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. யாரோ என் வீட்டுக்குள் புகுந்து எதையோ உடைத்ததுபோல இருந்தது.

“இப்படிப் பண்ணிட்டீங்களே அண்ணாச்சி” என்றேன்.

“கயித்த இழுக்கிறது கேவலமா ஏளா?” என்று கேட்டுவிட்டு, உளியைத் துடைக்கத் தொடங்கினார்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து தபால் கூடை கூடையாக வந்தது. சாத்தான்குளத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர், வீரம் என்ற சொல்லுக்குப் பொருள் தெரியாதவரிடம் வீரனை ஒப்படைக்கலாமா என்று நான்கு பக்கம் எழுதியிருந்தார். காயல்பட்டினத்து வியாபாரி ஒருவர், கடையில் எல்லோரும் உட்கார்ந்து கேட்க வாசிக்கும் பழக்கத்தை நிறுத்திவிட்டதாக எழுதினார். பக்கத்தைக் கிழித்து அப்படியே திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. இவர்களுடைய கோபம் எனக்குப் புரிந்தது. அது என் கோபம்தான். பெயரில்லாமல் வந்த கார்டுகள் வேறு மாதிரி இருந்தன. உள்ளூர் முத்திரை, ஒரே கையெழுத்து. முதல் கார்டில், “எங்க ஆளுக்குப் பயத்தைக் கொடுத்தது யாரு?” என்று மட்டும் இருந்தது. இரண்டாவதில், “கரையில் உட்கார்ந்து வரைகிறாய். கடலுக்கு வா.” மூன்றாவதில் எழுத்தே இல்லை. ஒரு கயிறு, அதன் நுனியில் வெறும் சுருக்கு. அதற்கு மறுநாள்தான் தாடை வந்தது.

படக்கார அண்ணாச்சி தாடையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “நல்ல பெரிய சுறா” என்றார். முதலாளிக்கோ முகம் வெளுத்துவிட்டது. எல்லோரையும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார்.

“பழைய ஆளையே கொண்டாந்துரும்வே. வாசகன் அவனைத்தான் கேக்கான்” என்றார்.

“எல்லாருமா கேக்காவ?” என்றார் அண்ணாச்சி.

முதலாளி என் பக்கம் திரும்பினார். “ஏம்மா, நீதான எல்லாத்தையும் படிக்கே. புதுப் படம் நல்லாருக்குன்னு ஒண்ணாவது வந்திருக்கா?”

வந்திருந்தது. என் மேசை இழுப்பறையில், பிழை திருத்திய தாள்களுக்கு அடியில் இருந்தது. சங்கு குளிப்பவர் ஒருவரின் மனைவி யாரிடமோ சொல்லி எழுதுவித்த கடிதம். புருஷன் போன வாரம் கடலடியில் தலை சுற்றிக் கயிற்றை இழுத்துவிட்டாராம். தோணியில் எல்லோரும் கேலி செய்தார்களாம். சுறாகட்டியே இழுத்திருக்கிறான் பாருங்கள் என்று படத்தைக் காட்டி அவர்கள் வாயை அடைத்தாராம். படம் போட்டவருக்கு மாதாவின் ஆசீர்வாதம் கிடைக்கட்டும் என்று முடித்திருந்தாள்.

அந்தக் கடிதத்தை ஏன் ஒளித்துவைத்தேன்? பயம் ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. எனக்கு என் பழைய சுறாகட்டி வேண்டும்.

“இல்ல முதலாளி” என்றேன். “ஒண்ணுகூட வரல.”

படக்கார அண்ணாச்சி என்னைப் பார்த்தார். சந்தேகப்பட்ட பார்வை இல்லை அது. நம்பிவிட்ட பார்வை. “சரி” என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரமே மேல்துண்டும் அரைக்கச்சையும் திரும்பின. சுறாகட்டி கையை உயர்த்த, ஏழு சுறாக்கள் தலை குனிந்தன. அவன் இடுப்பிலிருந்து கயிற்றை அறுத்து எறிகிறான். ‘கயிறு கோழைக்கு!’ என்ற வரி முதலாளியே சொல்லிப் போட்டது. அதில் ஒற்றுப்பிழை இருந்ததைத் திருத்திக் கொடுத்தவள் நான். பாராட்டு குவிந்தது. பெயரில்லாக் கார்டுகள் நின்றன. தெருவில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டதுபோல இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு காலையும் படியருகே வரும்போது என் கால் தயங்கியது.

மூன்று வாரம் கழித்து ஒரு பெண் அச்சகத்துக்கு வந்தாள். என் வயதுதான் இருக்கும். கழுத்தில் எதுவும் இல்லை.

“அக்கா, சுறாகட்டி கயித்த இழுக்குத படம் இருக்கா? எங்ககிட்ட இருந்தத அவுக கூட்டாளிக கிழிச்சிட்டாவ.”

அவளுடைய குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. புதுப் படம் வந்த பிறகு தோணியில் அதைத் தினமும் புருஷன் முகத்துக்கு நேரே காட்டினார்களாம். பாத்தியா, அவனே கயித்த அறுத்துட்டான், நீ இழுப்பியா என்று கேட்பார்களாம். வியாழக்கிழமை அவர் இறங்கினார். வெகுநேரம் கயிறு அசையவில்லை. அவர்களாகத் தூக்கியபோது உயிர் இல்லை.

“சுறாவெல்லாம் ஒண்ணும் தொடலக்கா. உடம்புல ஒரு கீறல் இல்ல. அவுக இழுக்கல, அவ்ளோதான்.” பிறகு, “நான் ஒரு கடுதாசி போட்டேனே, வந்து சேந்துச்சா?” என்று கேட்டாள்.

படக்கார அண்ணாச்சி கட்டையிலிருந்து நிமிர்ந்தார். நான் இழுப்பறையைத் திறந்து கடிதத்தை எடுத்து அவரிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். தேதியை விரலால் தொட்டுப் பார்த்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன். பழைய கயிற்றுப் படத்தின் கட்டையை அலமாரியிலிருந்து எடுத்து, மை தடவி, அந்தப் பெண்ணுக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தார். அவள் போன பிறகும் எடுத்துக்கொண்டே இருந்தார். காகிதத்துக்குத் தட்டுப்பாடு இருந்த காலம். முதலாளி பார்த்தார், தடுக்கவில்லை.

மறுநாள் காலை அந்தத் தாள்களோடு அவர் கடற்கரைக்குப் போனபோது நானும் பசை டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். கரையில் இழுத்துவிட்டிருந்த தோணிகளில் ஒவ்வொன்றாக ஒட்டினோம். எங்களுக்குப் பின்னாலேயே ஒருவன் வந்து சிலவற்றைக் கிழித்தான். அந்தக் கார்டுகளை எழுதியவன் அவன்தானா என்று இன்றுவரை தெரியாது. அண்ணாச்சி திரும்பிப் போய், கிழித்த இடங்களிலேயே மறுபடி ஒட்டினார். அவன் முறைத்துக்கொண்டு நின்றான்.

இப்போது என் தம்பியின் பேரப்பிள்ளைகள், தங்களுக்குப் பிடித்த வீரனை யாரோ புதிதாக மாற்றிவிட்டார்கள் என்று சாப்பிடாமல்கூடச் சண்டை போடுகிறார்கள். பெரியவர்கள் சிரிக்கிறார்கள். என்னால் சிரிக்க முடிவதில்லை. அந்தக் கோபத்துக்கு எவ்வளவு பலம் என்று எனக்குத் தெரியும்.

அன்று கடைசித் தோணிக்கு வந்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை. “எனக்குப் பழையவனைத்தான் பிடிச்சிருந்துச்சு அண்ணாச்சி. அதான் சொல்லாம இருந்துட்டேன்” என்றேன்.

அவர் தாளின் மூலைகளை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார்.

“எனக்குந்தான் பிடிச்சிருந்துச்சு” என்றார். “எந்தம்பிக்கு எழுத்துக்கூட்ட வராது. வாரா வாரம் நாந்தான் வாசிச்சுக் காட்டுவேன், அவனுங் கடலுக்குள்ள கயித்த இழுக்காமப் போன நாள் வரைக்கும்.”