பஸ்ஸோடு போன கூடை

காலை ஒன்பது பத்துக்குத் துறையூர் பஸ் எங்களைத் தென்னூரில் இறக்கிவிட்டுப் போகிறது. போன பிறகுதான் கூடையை அதிலேயே விட்டுவிட்டேன் என்று தெரிகிறது. எலுமிச்சை, சீப்பு, பொம்மை எல்லாம் அதில்தான். இன்று என் மகள் ராஜத்துக்கு ஆசிரியைப் பயிற்சிப் பரீட்சை. பொருளைக் காட்டி இங்கிலீஷிலேயே பாடம் நடத்த வேண்டும். ஒரு வார்த்தை தமிழ் வந்தாலும் தேறமாட்டாள்.

ராஜம் வெறுங்கையோடு வகுப்புக்குள் போய்விட்டாள். நான் பள்ளிக்கூட வாசலில் எழுகிறேன், நடக்கிறேன், மறுபடி உட்காருகிறேன். கால் ஓய்ந்துவிட்டது.

"உக்காருங்கய்யா, நீங்க நடந்தா கூடை வந்துடுமா?" என்கிறார் பியூன்.

வகுப்பில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நான் மறுபடி எழுந்து நடக்கிறேன்.

மணி அடித்ததும் ராஜம் வருகிறாள்.

"ஜன்னல் வழியா உங்களைத்தான் காட்டினேன் அப்பா. உக்கார்றார், எழுந்திருக்கிறார், நடக்கிறார், எல்லாத்தையும் பிள்ளைங்க இங்கிலீஷ்ல சொல்லிட்டாங்க. நல்லவேளை, நீங்க ஒரு நிமிஷம் சும்மா இருக்கலை."