வலது முட்டியில் காக்கா கால்

பச்சை குத்தும் கடைக்குள் நுழைந்த டைலரக்கா, சுவர் நிறைய மாட்டியிருந்த சிங்கத்தையும் ரோஜாவையும் ஏறிட்டும் பார்க்கவில்லை. அவள் கண் போனது வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலி மேல். கறுப்பு உறையின் ஓரத்தில் தையல் விட்டிருந்தது.

"இத இப்படியே விட்டா பஞ்சு வெளிய வந்துரும் தம்பி."

கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்த பச்சைக்காரர் சிரித்தார். "அத அப்புறம் பாத்துக்கலாம்க்கா. யாருக்கு, பொண்ணுக்கா?"

"எனக்குத்தான். முட்டியில."

அவர் ஒருமுறை அவளைப் பார்த்தார், ஒருமுறை அவள் முட்டியைப் பார்த்தார். ஐம்பதைத் தாண்டிய பெண்கள் அந்தக் கடைக்கு வந்தால் பெரும்பாலும் பேரன் பேத்தியை வீட்டுக்கு இழுத்துப் போகத்தான் வருவார்கள்.

அவள் பையிலிருந்து சாம்பல் நிறத் துணித் துண்டு ஒன்றை எடுத்து மேசையில் விரித்தாள். வெட்டி முடித்து இன்னும் தைக்காத கால்சட்டைத் துண்டு. அதன் உள்பக்கத்தில் சுண்ணக்கட்டியால் மூன்று கோடுகள் இழுத்திருந்தன. காக்கையின் கால்விரல் போல விரிந்து, கடைசிக் கோட்டின் நுனி மட்டும் லேசாக மடங்கியிருந்தது.

"இது வேணும். இதே மாதிரி."

அது மாஸ்டர் போட்ட குறி. மாஸ்டர் என்றால் அவள் கணவர். வீட்டில், கடையில், ஏன், ஆஸ்பத்திரிச் சீட்டு எழுதும்போதுகூட அவள் வாயில் அவருக்கு அதுதான் பெயர். முன்னறையில் நின்றபடி அவர் வெட்டுவார். உள்ளறையில் உட்கார்ந்தபடி அவள் தைப்பாள். இடது துண்டும் வலது துண்டும் மாறிவிடக் கூடாது, உள்பக்கம் வெளிப்பக்கம் ஆகிவிடக் கூடாது என்று ஒவ்வொரு துண்டிலும் அந்தக் காக்கா காலைப் போட்டுத்தான் தருவார். தையல் முடிந்ததும் அவள் ஒரு பிரஷ்ஷால் அதைத் தட்டிவிடுவாள். தட்டாமல் கொடுத்தால் துணி அழுக்கென்று வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். இப்படியாக ஒரு ஊருக்கே உடுப்புத் தைத்தும் மாஸ்டர் கைக்குறி ஒன்றுகூட எங்கும் மிச்சமில்லை. அத்தனையையும் தட்டியது அவள் கைதான்.

அவளுடைய தையல் மிஷினில் மேசைக்கு அடியில் ஒரு முட்டி லிவர் உண்டு. துணியைத் திருப்ப வேண்டிய முனை வந்தால், இரண்டு கையும் துணியில் இருக்க, வலது முட்டியால் அதை வெளிப்பக்கம் தள்ள வேண்டும். துணியை அழுத்திப் பிடித்திருக்கும் மிஷின் பாதம் மேலே எழும். மிஷின் வந்த முதல் நாள், லிவரை அவள் உயரத்துக்கு ஏற்ப மாட்ட மாஸ்டர் தரையில் உட்கார்ந்தார். அடையாளத்துக்காக அவள் முட்டி மேல், உடுத்தியிருந்த துணியிலேயே, காக்கா காலை இழுத்தார்.

"நாளைக்கு முட்டிய மாத்தி எடுத்துட்டு வந்துடாத. இது என் கணக்குல இருக்கு."

அதன்பின் அது ஒரு வழக்கமாகிவிட்டது. புது வேலையின் முதல் துண்டைக் கொண்டுவந்து கொடுக்கும்போதெல்லாம் முட்டியிலும் ஒரு குறி. "கெழவனுக்கு விளையாட்டப் பாரு" என்று அவள் சலித்துக்கொள்வாள். முட்டியை மட்டும் நகர்த்தியதில்லை.

மழை தொடங்கிய வாரத்தில் ஒரு மதியம், "கொஞ்சம் சாஞ்சுக்கறேன்" என்று கத்தரியை வைத்துவிட்டுப் போனவர் எழுந்திருக்கவில்லை; ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயும் பிழைக்கவில்லை. அன்று அவர் வெட்டிவைத்தது பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் கால்சட்டை. மற்ற வேலைகளை வெளியே கொடுத்து வெட்டி வாங்கித் தைத்து முடித்துவிட்டாள். அந்த ஒரு கால்சட்டையை மட்டும் தொட முடியவில்லை. தைத்தால் தட்டத்தானே வேண்டும்?

"சரியான நூல் கிடைக்கலண்ணே" என்று ஓட்டுநரிடம் நாள் கடத்தினாள்.

"சாம்பல் நூலாம்மா கிடைக்கல? உலகத்துல பாதி பேரு தலை அந்தக் கலர்லதானே இருக்கு!"

அந்தக் குறியைத் தானே வரைந்து பார்த்தாள். பழைய தாளில், மீந்த துணியில், கண்ணாடி மேல். எல்லாமே துடைப்பம் மாதிரி வந்தன.

பச்சைக்காரர் துணியை விளக்குக்கு அருகே பிடித்துப் பார்த்தார். பிறகு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார்.

"போடலாம்க்கா. ஆனா முட்டி கொஞ்சம் வம்பு பிடிச்ச இடம். எலும்புக்கு மேல சதையே இல்ல, வலி தலைக்கு ஏறும்."

"ரெண்டாயிரம் தடவ ஊசி விரல்ல ஏறியிருக்கு. மேல சொல்லுங்க."

"நடக்க, உக்கார, எந்திரிக்க, நாள் பூரா மடங்கி நீள்ற தோல். மெல்லிசாக் கோடு போட்டா நிக்காது, கலங்கிடும். கொஞ்சம் தடிமனாத்தான் போடணும். ஆறுற வரைக்கும் மடக்கிக்கிட்டே இருந்தா பொருக்கு வெடிக்கும், மை போயிடும். உரசவும் கூடாது. உங்களுக்கு என்ன வேலை?"

அவள் லிவரைப் பற்றிச் சொன்னாள். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"அப்ப அந்த முட்டிக்கு ஆறுறதுக்கு லீவே கிடையாதே! சரி, முட்டி வலி இருக்கா?"

"இருக்கு. தேஞ்சு போச்சு, பின்னால ஒருநாள் ஆப்பரேஷன் வேணும்னாலும் வேணும்னு டாக்டர் சொன்னாரு."

"அவங்க நடுவுலதான் நீளமாக் கிழிப்பாங்க. இது ரெண்டாப் போயிடும்."

"கோடு போட்ட துணிய வெட்டினாலும் கோட்டோட கோடு சேர்த்துத்தான் தைக்கணும். அது அவங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

பச்சைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. உண்மையாகவே கேட்டிருந்தாள். அவளே தொடர்ந்தாள்.

"வெட்டுறதுக்கு முன்னாடி ட்ரயல் பாக்கணும் தம்பி. அழியுற மையில இப்போதைக்கு ஒண்ணு ஒட்டிவிடுங்க. ஒருநாள் வேலை பாத்துட்டு வந்து காட்டறேன்."

யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. துணி மேல் மெல்லிய தாளை வைத்து மூன்று கோட்டையும் நகல் எடுத்தார். நுனி மடங்கியதை இரண்டு முறை சரிபார்த்தார். அவளை நிற்கச் சொல்லி முட்டியில் ஒட்டினார். ஊதா நிறத்தில் காக்கா கால் வந்து உட்கார்ந்தது. அவள் நாற்காலியில் அமர்ந்ததும் விரல்கள் மூன்றும் அகன்றுபோயின.

"நிக்கிறப்ப காக்கா, உக்காந்தா வாத்து" என்றாள்.

"எப்படி இருக்கும்போது சரியா இருக்கணும்?"

"உக்காந்திருக்கும்போது. நான் நின்னு அவரு எப்போ பாத்தாரு?"

மடக்கிய முட்டியில் மறுபடி ஒட்டினார். அடுத்த நாள் முழுக்க அவள் தைத்தாள். சாயங்காலம் பார்த்தபோது லிவர் படும் வெளிப்பக்கத்தில் ஒரு கோடு பாதி தேய்ந்திருந்தது. உள்பக்கமாக இரண்டு விரல் தள்ளி வைத்தால் மூன்றும் தப்பிக்கும். நடுவில் ஆப்பரேஷன் கத்தி பட்டாலும் ஓரத்தோடு போகும். அந்த இடத்தைப் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டாள்.

புள்ளியைக் கண்டுபிடித்தது மகள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். அடுத்தவர் உடம்பில் ஒரு கீறல் இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும்.

"இது என்னம்மா?"

சொன்னாள். மகள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"உனக்கு மூளை இருக்கா? ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோயேன்!"

"போட்டோ போன்லதாண்டி இருக்கும். இது முட்டியில இருந்தது."

"சுகர் வெச்சிருக்க நீ. செருப்புக் கடிச்ச புண்ணு ஆறவே ஒரு மாசம் ஆச்சு. ஊசியால குத்தி, அது சீழ் பிடிச்சு, நான் மறுபடியும் அந்த ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காரணுமா? என்னால முடியாதும்மா."

கத்த ஆரம்பித்தவளுக்குக் கடைசி வார்த்தையில் குரல் இறங்கிப் போனது. சர்க்கரை இருப்பதைப் பச்சைக்காரரிடம் சொல்லாமல் விட்டது அப்போதுதான் டைலரக்காவுக்கு உறைத்தது. அவர் கேட்கவில்லை என்பது உண்மைதான். கேட்காவிட்டால் சொல்லக் கூடாதா?

மறுநாள் போய்ச் சொன்னாள். அவர் கைகூப்பாத குறை. "அக்கா, டாக்டர் சரின்னு சொல்லாம நான் ஊசியத் தொடவே மாட்டேன். தாள் என்கிட்டயே பத்திரமா இருக்கும். எப்போ வேணா வாங்க."

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து, முடியாதென்று தலையை ஆட்டினார். சர்க்கரை இறங்கட்டும், பிறகு பார்க்கலாம். அதற்குள் ஓட்டுநர் தையல் கடைக் கதவருகே வந்து நின்றுவிட்டார். அவருக்குப் பெரிய பேருந்தில் வேலை கிடைத்திருந்தது. முதல் நாள் போட்டுக்கொள்ள அவரிடம் உருப்படியான கால்சட்டை இல்லை.

"சத்தியமா வாங்கிட்டுத்தான் போவேன்மா. இல்லன்னா துண்டு துண்டாவே குடுத்துடுங்க, குண்டூசி குத்திக்கறேன்."

அன்றே உட்கார்ந்தாள். முன்துண்டு இரண்டு, பின்துண்டு இரண்டு. காக்கா காலைப் பார்த்துப் பார்த்துத்தான் ஜோடி சேர்த்தாள், அதற்காகத்தானே போட்டது! தைத்து முடித்து பிரஷ்ஷை எடுத்தவள், சிறிது நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு எப்போதும் தட்டுவது போலவே தட்டினாள். தூள் மடியில் விழுந்தது. இஸ்திரி போட்டு மடித்துக் கொடுத்தாள். ஓட்டுநர் அணிந்து பார்த்து, "மாஸ்டர் வெட்டு மாஸ்டர் வெட்டுதான்" என்றார். அவள் தலையசைத்தாள்.

காலையில் நடக்கத் தொடங்கினாள். இனிப்பை விட்டாள், இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கினாள். மகளே ரத்தம் எடுத்தாள், மகளே முகத்தைச் சுளித்தாள், பிறகு ஒருநாள் சுளிக்காமல் இருந்தாள். டாக்டர் சரி என்று சொன்ன காகிதத்தை மகள் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு, "நானும் வரேன்" என்றாள். அது சம்மதமா, காவலா என்று டைலரக்கா கேட்கவில்லை.

கடையில் மகள் ஒன்றையும் விடவில்லை. ஊசி புதுசா? என் எதிர்ல பிரிங்க. மை பாட்டில்ல என்ன எழுதியிருக்கு? பச்சைக்காரர் பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி பதில் சொன்னார். தாளை உள்பக்கமாக இரண்டு விரல் தள்ளி ஒட்டினார். முட்டியை மடக்கி வைத்து ஊசியை ஓட்டினார்.

முதல் கோடு நன்றாகவே போனது. அதன் முனை வந்ததும் டைலரக்காவின் முட்டி தன்பாட்டில் வலப்பக்கம் தள்ளியது. பச்சைக்காரர் சட்டென்று கையைத் தூக்கினார்.

"அசையாதீங்கக்கா!"

"நான் எங்க அசைஞ்சேன்? முனை வந்துச்சு, அது தூக்குது."

இரண்டாவது கோட்டின் முனையிலும் அப்படித்தான். வலி பல்லில் தெரிந்தது. முட்டியோ வலியைப் பொருட்படுத்தாமல் தன் வேலையைப் பார்த்தது. மகள் நாற்காலியை நகர்த்தி வந்து தாயின் முட்டிக்கு வெளிப்பக்கம், லிவர் இருக்கும் இடத்தில், உள்ளங்கையை அழுத்தி வைத்தாள். முட்டி அதில் சாய்ந்து நின்றது. மூன்றாவது கோடு இறங்கியது. நுனி மடங்கியது.

பச்சைக்காரர் துடைத்துவிட்டுச் சொன்னார். "மூணு வாரத்துக்கு மிஷின் பக்கமே போகக் கூடாது."

"கடைய நான் பாத்துக்கறேன்" என்றாள் மகள்.

"நீயா? உனக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியுமாடி?"

"ஊசி போட்டுத்தான்மா சம்பளம் வாங்கறேன்."

அவள் இன்னும் கையை எடுக்கவில்லை. டைலரக்காவும் எடுக்கச் சொல்லவில்லை.