மஞ்சள் தண்ணீரும் என் நாலாவது கோட்டையும்

பாவா, அதாவது அக்காவின் கணவர், எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்த பழைய கம்ப்யூட்டரில் நான் மூன்று கோட்டைகளைத் தாகத்துக்குப் பறிகொடுத்திருந்தேன். கோட்டை கட்டும் கேம் அது. நடுவில் ஒரு கிணறு. ஆட்கள் குடிக்கவும் சுவருக்கு மண் குழைக்கவும் அதுதான். எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று மூலையில் ஒரு எண் ஓடும். வாசலில் வந்து நிற்கிற வழிப்போக்கர்களைப் பாவம் பார்த்து உள்ளே விட்டதுதான் என் தப்பு. நாலாவது முறை கதவைச் சாத்தினேன். கோட்டை பிழைத்தது. பதினோரு வயதில் அதற்குமேல் என்ன ஞானம் வேண்டும்?

அந்த வருஷம் திருத்தணியில் எங்கள் தெருக் குழாயும் காய்ந்துதான் கிடந்தது. லாரி வந்தால்தான் தண்ணீர். லாரியில் யார் குடம் முந்தி என்பதில் அம்மாவுக்கும் பக்கத்து வீட்டம்மாவுக்கும் சண்டையாகி, பேச்சே நின்றுபோயிருந்தது.

அப்படியும் ஆடிக்கிருத்திகைக்கு அம்மா இரண்டு குடம் எடுத்து வைத்துவிட்டாள். மலைக்கு வெறுங்காலில் காவடி எடுத்துப் போகிறவர்களின் காலில் ஊற்றுவதற்கு. மஞ்சள் கரைத்து, வேப்பிலை கசக்கிப் போட்டிருந்தாள். எனக்குக் குளிக்கக் கிடைத்ததோ அரை வாளி. வயிறெரிந்தது. அம்மா பூ வாங்கப் போன நேரம், இரண்டு குடத்தையும் குடிதண்ணீர் டிரம்மில் கவிழ்த்து மூடினேன். கேமில் எல்லாத் தண்ணீரும் ஒன்றுதான். எண் ஏறினால் சரி.

மேளச் சத்தம் வந்தது. அம்மையார்குப்பத்திலிருந்து நடந்தே வந்த ஓர் அம்மாள், தோளில் காவடியோடு எங்கள் வாசலில் நின்று, சுடுகிற தார் ரோட்டில் காலை மாற்றி மாற்றி வைத்தார். அம்மா குடத்தைத் தூக்கினாள். காலி.

"தண்ணி எங்கடி?"

"டிரம்ல ஊத்திட்டேன். ரோட்டுல ஊத்திகினே இருந்தா நாம என்னாத்த குடிக்கிறது?"

மூடியைத் திறந்தாள். டிரம் முழுக்க மஞ்சள், வேப்பிலை மிதந்தது. அடி விழும் என்று முதுகைக் குறுக்கிக்கொண்டேன்.

"அய்யய்யோ, இத்த எவன்டி வாய்ல வப்பான்!" என்றவள், சொம்பை எடுத்து அந்த டிரம்மிலிருந்தே மொண்டு மொண்டு ஊற்றினாள். பின்னால் வந்த காலுக்கெல்லாம் ஊற்றினாள். மதியத்துக்குள் டிரம் காலி. வீட்டில் குடிக்க ஒரு சொட்டு இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிடத் தாகமாக இருந்தது.

அப்போது மதில்மேல் ஒரு குடம் வந்து உட்கார்ந்தது. பின்னால் பக்கத்து வீட்டம்மா.

"பாத்துகினுதான் இருந்தேன். புள்ளைக்குக் குடுங்க," என்று எங்கோ பார்த்தபடி சொன்னார்.

"ஆங்," என்று அம்மா வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான் பேச்சு.

மறுநாள் கேமில் கோட்டைக் கதவை அகலத் திறந்து வைத்தேன். வந்தவர்கள் எல்லாரும் குடித்தார்கள். ஒருவரும் ஒரு குடம் கொண்டுவரவில்லை. கோட்டை மறுபடி காய்ந்தது. ஏதோ ஒரு பட்டனை அழுத்தாமல் விட்டுவிட்டேன் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.