சளி நாற்காலி

குடிநீர் ஆய்வகத்தில் வேலை பார்த்த காலம் முழுவதும் அவருக்கு மூக்குதான் முதற்கருவி. நகரத்துக் குழாய்களிலிருந்து வரும் நீரைக் குடுவையில் இளஞ்சூடாக்கி, மூடியைத் திறந்து முகர்ந்து, இது பாசி, இது துரு, இது குளோரின் என்று பிரித்துச் சொல்வார். இயந்திரங்கள் பிற்பாடு வந்து ஆமாம் போடும். அலுவலகத்தார் அவருக்கு இட்ட பெயர் ‘மூக்கு’. அவர் ஓய்வு பெற்றார், அந்தப் பெயர் ஓய்வு பெறவில்லை.

தண்ணீரில் பழகிய மூக்கு விஸ்கியிடம் போய்ச் சேர்ந்தது. அவர் குடிகாரர் அல்லர். கோப்பையின் அடியை நனைக்கும் அளவே ஊற்றிக்கொண்டு ஒரு பிற்பகலை ஓட்டிவிடுவார். ஞாயிறுதோறும் அவருடைய வரவேற்பறையில் மூவர் கூடுவார்கள்: அவர், பள்ளித் தோழரான பல் மருத்துவர், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மைத்துனர்.

கூட்டத்தின் முறைகளை வகுத்தவர் அவரே. மூன்று வகை விஸ்கிப் புட்டிகளுக்கும் கம்பளிக் காலுறை மாட்டிவிட வேண்டும். விஸ்கியை இருமல் மருந்தின் உறவுமுறை என்று கருதும் அவருடைய மனைவி, சமையலறையில் வைத்து ஊற்றுவார். எதில் எது என்பது மனைவிக்கு மட்டுமே தெரியும். கோப்பைகளின் தண்டில் சிவப்பு, பச்சை, வெள்ளை நூல் கட்டியிருக்கும். ஒவ்வொன்றையும் முகர்வதற்கு முன் தத்தம் புறங்கையை முகர்ந்து மூக்கிலிருந்து முந்தைய மணத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் கருத்துச் சொன்ன பிறகே காலுறை கழற்றப்படும்.

எல்லாவற்றிலும் கண்டிப்பான விதி ஒன்று உண்டு. சளி பிடித்தவர் கோப்பையைத் தொடக்கூடாது. ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து வெறும் சோடா குடிக்கலாம். ஒருமுறை பல் மருத்துவர், “லேசா மூக்கடைப்புதான்யா” என்று கெஞ்சியும் பயனில்லை. அன்று முழுவதும் அவர் சோடாவோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாற்காலிக்குச் சளி நாற்காலி என்று பெயர் வைத்தவரும் அந்தப் பல் மருத்துவரே.

மழைக்காலத் தொடக்கத்தில் ‘மூக்கு’க்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று, போகும்போது மணங்களையும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. சோப்பு, காப்பித்தூள், நனைந்த செருப்பு எல்லாம் ஒன்றாயின. மருத்துவர், “திரும்பி வரலாம், வராமலும் போகலாம்” என்றார். அதை அவர் வீட்டில் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் சமையலறை மேசையில் அவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்க, கையெட்டும் தூரத்தில் பால் தீய்ந்து கரியாயிற்று. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி ஓடிவந்து அடுப்பை அணைத்தார். பாத்திரத்தைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார்.

அதன் பின்னும் ஞாயிறுகள் நடந்தன. நிறத்தைப் பார்த்தும், கோப்பையின் உட்சுவரில் வழியும் கோட்டின் கனத்தைப் பார்த்தும், நாக்கில் ஏறும் காரத்தை வைத்தும் அவர் சமாளித்தார். “ஆழம் இருக்கு”, “கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்” என்று பட்டும் படாமலும் பேசினார். முழுப் பூசணிக்காய்க்கு எவ்வளவு சோறுதான் போதும்? அடுப்புக்கரிபோல் புகை நெடி அடித்த ஒன்றை அவர் தேன் மணம் என்று சொன்ன அன்று, மைத்துனர் புருவத்தை உயர்த்தினார்.

அடுத்த ஞாயிறு மைத்துனர் வரும்போதே மூன்று புதிய புட்டிகளோடு வந்தார்.

“அத்தான், இதுல ஒண்ணு புகை, ஒண்ணு பழம், ஒண்ணு தேன். சின்னப் புள்ளைகூட கண்டுபிடிச்சிடும். உங்களுக்கு இதெல்லாம் ஜுஜுபி, இல்ல?”

“வாய மூடிட்டு உக்காரு. அக்கா ஊத்தட்டும்” என்றார் பல் மருத்துவர்.

மனைவி புட்டிகளை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். வழக்கத்தைவிடச் சற்று நேரமாயிற்று. பிறகு தட்டில் கோப்பைகள் வந்தன.

மூவரும் புறங்கையை முகர்ந்தார்கள். மைத்துனர் முந்திக்கொண்டார். “சிவப்பு நூல்ல ஆரஞ்சுத் தோல் வாசம். பச்சை சுத்தத் தேன். வெள்ளை புகைதான், சந்தேகமே இல்ல.”

“எனக்குப் பச்சைலதான் புகை தெரியுது, மெல்லிசா” என்றார் பல் மருத்துவர்.

“பல்லு பிடுங்குறவருக்கு மூக்கு எதுக்கு?”

“கண்ணாடி விக்கிறவனுக்கு மட்டும் எதுக்காம்?” பல் மருத்துவர் தோழரின் பக்கம் திரும்பினார். “நீ சொல்லுய்யா. பச்சைல புகை இல்லேன்னு நீ சொன்னா நான் ஒத்துக்கறேன். என் மூக்கு கெட்டுப்போச்சுன்னு விட்டுடறேன்.”

அவர் பச்சை நூல் கோப்பையைக் கையில் வைத்திருந்தார். ஆய்வகத்தில், முகராத நீருக்கு ‘மணமில்லை’ என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது ஒரு சொல் சொன்னால், நல்ல மூக்குள்ள ஒரு மனிதர் தம் மூக்கையே சந்தேகிக்கப் போகிறார். கோப்பையைக் கீழே வைத்தார்.

“எனக்கு மூணும் ஒண்ணாத்தான் இருக்கு.”

மைத்துனர் துள்ளி எழுந்தார். “கேட்டீங்களா! ஒண்ணாம்! அக்கா, கொண்டாந்து காலுறையக் கழட்டு!”

மனைவி தயங்கினார். தம்பி விடவில்லை; தாமே போய்ப் புட்டிகளைத் தூக்கிவந்து காலுறைகளை உருவினார். இரண்டு புட்டிகளின் மூடிமேல் முத்திரை அப்படியே இருந்தது. தேன் மணமுள்ள மூன்றாவது மட்டுமே திறந்திருந்தது.

“அக்கா! எல்லாத்துலயும் ஒரே சரக்கா?”

“ஆமா” என்றார் மனைவி. எல்லோர் கோப்பையிலும் ஒன்றே இருந்தால் யாராலும் யாரையும் மடக்க முடியாது என்பது அவர் கணக்கு. கணவர் இப்படி ஒரு பதிலைச் சொல்வார் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

பல் மருத்துவர் பக்கத்தில் வந்து தோழரின் தோளைப் பிடித்துக் குலுக்கினார். “நாங்க ரெண்டு பேரும் இல்லாத புகையும் தோலும் பாத்தோம். நீ ஒருத்தன் அசரல. மூக்குன்னா இதுய்யா மூக்கு!”

“தப்புதான் அத்தான். உங்களப்போயி சந்தேகப்பட்டுட்டேன்” என்று மைத்துனர் காதைப் பிடித்துக்கொண்டார்.

‘மூக்கு’ தம் மனைவியைப் பார்த்தார். மனைவியின் தலை மெல்ல, வேண்டாம் என்று அசைந்தது. அப்படியே விட்டிருந்தால் அவருடைய பெயர் இன்னும் பல ஆண்டுகள் ஓடியிருக்கும்.

அவர் தோளிலிருந்த பல் மருத்துவரின் கையை எடுத்துத் தம் மூக்கருகே வைத்துக்கொண்டார்.

“நீ படியேறும்போதே கிராம்பு எண்ணெய் வாசம் முன்னால வந்து கதவைத் தட்டும். கொஞ்ச நாளா நீ மட்டும்தான்யா வர்ற.”

பல் மருத்துவர் கையை விலக்கி, தாமே ஒரு முறை முகர்ந்து பார்த்தார்.

“காய்ச்சல்லேருந்தா?”

“ஆமா.”

“பால் தீஞ்ச அன்னிக்கே எனக்குத் தெரியும்” என்றார் மனைவி.

அவர் எழுந்தார். தம் மூன்று கோப்பைகளையும் ஒவ்வொன்றாகப் பல் மருத்துவர் பக்கம் நகர்த்திவைத்தார். நடந்துபோய் ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். உட்காரும்போது அது கிறீச்சிட்டது. வேறு ஒருவரின் உடம்புக்குப் பழகிய நாற்காலி.

“அத்தான், அட, இங்க வாங்க. விதியாவது ஒண்ணாவது” என்றார் மைத்துனர்.

“விதி விதிதான். எனக்குச் சோடா கொண்டா.” பிறகு சமையலறை வாசலில் நின்ற மனைவியைப் பார்த்து, “அடுத்த வாரத்துலேருந்து நான் ஊத்துறேன். நீ இங்க வந்து உக்காரு” என்றார்.

“நானா? எனக்கு அந்த நாத்தமே ஆகாதுங்க.”

“நாத்தம் தெரியுற மூக்குதான் வேணும்” என்றார் அவர்.