கால்மாட்டில் உட்கார்ந்தவர்

நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம். அறைகளை வடிவமைப்பது என் பிழைப்பு, கதை விடுவது அல்ல. இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

ஒரு மருத்துவமனையில், குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் பக்கத்தில் பெற்றோருக்கென்று ஓர் ஓய்வறை அமைத்துக் கொடுத்தேன். இரவெல்லாம் குழந்தையின் அருகே கொட்டக் கொட்ட விழித்திருப்பவர்கள் பகலில்தான் கண்ணை மூட முடியும். அதனால் வெளிச்சம் புகாத திரை, சத்தம் புகாத கதவு, உறுத்தாத மெத்தை. ஒப்படைக்கும் முன் நானே படுத்துப் பார்ப்பது வழக்கம். "தூங்கறதுக்குக் காசு வாங்குற ஒரே ஆள் நீதான்" என்று என் கணவர் கிண்டல் செய்வார்.

மதியம் இரண்டு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன். கும்மிருட்டு. வெளியே இடி விழுந்தாலும் உள்ளே கேட்காது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

சர்க்... சர்க்...

செருப்பைத் தேய்த்து நடக்கும் சத்தம். யாரோ வெளியே போகிறார்கள் என்று திரும்பிப் படுத்தேன். பிறகுதான் உறைத்தது. வெளிச் சத்தம் உள்ளே வராது.

நடப்பவர் உள்ளேதான் இருக்கிறார்.

சத்தம் நின்றது. கால்மாட்டில் மெத்தை அமுங்கியது...

எழ நினைத்தேன். உடம்பு அசையவில்லை.

ஒரு கை என் பாதத்தைத் தட்டியது. மெதுவாக. எழுப்பத் தயங்கித் தயங்கி.

"எழுந்திரும்மா..." களைத்துப்போன ஆண் குரல். "புள்ள கூப்பிடுது."

"யாரு..."

"பட்டாணி."

என் மகளை நாங்கள் வீட்டுக்குள் மட்டும் கூப்பிடும் பெயர்.

விழுந்தடித்து வெளியே ஓடினேன். மணி இரண்டு பத்து. வராந்தாவில் நின்ற தலைமை நர்ஸ் என் முகத்தைப் பார்த்தார்.

"கால்ல தட்டினாரா?"

தலையாட்டினேன்.

"உங்க குழந்தை இங்க இல்லையே..." என்றார். அவசரமாக வார்டுக்குள் போய்விட்டார்.

வீட்டுக்கு ஃபோன் செய்தேன். மகள்தான் எடுத்தாள். "நான் உன்னைக் கூப்பிடவே இல்லையேம்மா!" என்று சிரித்தாள். உயிர் வந்தது. நானும் சிரித்தேன்.

அடுத்த மாதம் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மூளைக்காய்ச்சல் என்றார்கள். இப்போது அதே பிரிவில், ஜன்னலோரப் படுக்கையில் இருக்கிறாள். தேறி வருகிறாள் என்கிறார் டாக்டர். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன், நேற்று வரை.

நேற்று தலைமை நர்ஸ் என்னிடம் வந்தார். "இப்படியே இருந்தா நீங்க விழுந்துடுவீங்க. அந்த ரூம்ல கொஞ்சம் படுங்க. பயப்படாதீங்க, அவர் நல்லவரு."

அறை வருவதற்கு முன் அங்கே ஒரு பெஞ்சு கிடந்ததாம். பல நாள் விழித்திருந்த ஓர் அப்பா அதில் அசந்து தூங்கிவிட்டார். உள்ளே அவர் மகன் அப்பாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே போய்விட்டான். அந்த மனுஷரும் வெகுகாலம் இருக்கவில்லை.

"அதுக்கப்புறம் அங்க தூங்குறவங்களை அவர்தான் வந்து எழுப்புறாரு. அவர் எழுப்பின ஒருத்தர்கூட தவறவிட்டதில்லம்மா. எல்லாரும் ஓடிவந்து புள்ளைய கடைசியா ஒரு தடவை பார்த்துட்டாங்க."

ஆறுதலாகத்தான் சொன்னார். என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

நான் அந்த அறைக்குப் போகவில்லை. கணவரையும் விடவில்லை. மகளின் கையைப் பிடித்தபடி நாற்காலியிலேயே இருக்கிறேன். தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது. பயமாக இருக்கிறது.

நான் தூங்கினால்தானே அவர் எழுப்ப வேண்டும்...