தொட்டிக்குள் மாவு வாசம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. தொடக்கப்பள்ளியோடு நின்றவள். சொல்ல வந்ததை விட்டு வேறெங்கோ போய்விடுவேன், பாதி மறந்தும் போயிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழகத்தில் ஒரு மாடியைச் சுத்தம் செய்யும் வேலை பார்த்தேன். டாக்டர் பட்டத்துக்குப் படிப்பவர்கள் அங்கே கண்ணாடித் தொட்டிகளில் கிருமி வளர்ப்பார்கள். ரியாக்டர் என்பார்கள். கெட்ட கிருமி இல்லையாம். சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊட்டி, காற்று கொடுத்து, சூடு பார்த்து வளர்த்தால், மருந்துக்கு வேண்டியதைச் சுரந்து தருமாம். வேறு கிருமி ஒன்று உள்ளே நுழைந்துவிட்டால் எல்லாம் பாழ்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவள் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து வந்து படித்த பெண். எல்லோருக்கும் நான் ஆன்ட்டி, அவளுக்கு மட்டும் பெரியம்மா. பூன் லே என்ற இடத்தில் ஒரு வீட்டில் வாடகைக்கு அறை எடுத்து இருந்தாள். அந்த வீட்டில் சமைக்க விடமாட்டார்களாம். அதனால் காலையில் நான் சுடும் தோசையில் அவளுக்கும் இரண்டு எடுத்துப் போவேன். படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுவோம். எனக்கு யாரிடமும் பேச வராது, அவளிடம் வந்தது.

அந்த வருடம் அவளுக்கு ஒரு தேர்வு இருந்தது. தொட்டியை ஒழுங்காக ஓட்டி, அந்தக் கணக்கைப் பேராசிரியர்கள் முன் வைத்தால்தான் டாக்டர் படிப்பில் நீடிக்கலாம். இல்லாவிட்டால் சின்னப் பட்டம் ஒன்றைக் கையில் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

தேர்வு நெருங்கும் சமயம் தொட்டி கெட்டது. நான் குப்பைப் பை மாற்றிக்கொண்டிருந்தேன். அவளுக்கு மூத்த மாணவன், இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்து பேச்சுக்குப் பேச்சு 'லா' போடும் தமிழ்ப் பையன், படிப்பை முடிக்கப் போகிறவன், அவள் தொட்டியிலிருந்து சாம்பிள் எடுத்த குப்பியை வாங்கி மோந்து பார்த்தான்.

"ஐயோ, மாவு வாசம் லா! தங்கச்சி, ரியாக்டர்ல தோசைக்கு அரைச்சு வச்சியா?"

மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஈஸ்ட், மாவு புளிக்கும்போது அதில் வளர்கிற கிருமி.

"காலையில ஆன்ட்டி தோசை, அதே கையால சாம்பிள். பிறகு வேற என்ன வரும்?"

"கை கழுவி, கிளவுஸ் போட்டுத்தான் எடுத்தேன் அண்ணா. கல்லுல வெந்த தோசையில ஈஸ்ட் எப்படி உயிரோட இருக்கும்? தொட்டியையே சூடு காட்டித்தானே சுத்தம் பண்றோம்?"

"அப்ப ஆன்ட்டி கல்லுல சூடு பத்தல லா!"

அதை அவன் ஆங்கிலத்திலும் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து அவள் பெயரே தோசை. தமிழே தெரியாத பிள்ளைகள்கூட நாக்கை வளைத்து "மார்னிங், தோசை" என்று சொல்லப் பழகிக்கொண்டார்கள். தொட்டிமேல் யாரோ தோசைப் படம் ஒட்டினார்கள். அதைக் கிழித்துக் குப்பையில் போட்டது நான்தான்.

பேராசிரியர் அந்த மாடியில் சாப்பாடே கூடாது என்றார். என்னைக் கீழ் மாடிக்கு மாற்றினார்கள். சுத்தமாக வேலை செய்யத் தெரிந்தவன் கையில் இருக்கட்டும் என்று அவள் தொட்டியை அந்தப் பையனுக்குக் கொடுத்துவிட்டார்கள். தேர்வுக்குள் இன்னொரு முறை ஓட்டிப் பார்க்க அவளுக்குத் தொட்டி இல்லை.

பிறகு ஒரு நாள் லிப்டில் அந்தப் பையனும் அவன் கூட்டாளியும் ஏறினார்கள். நான் வாளியோடு பின்னால் நின்றேன்.

"உனக்கு மட்டும் எப்படிடா சுத்தமா ஓடுது?"

"சாம்பிள் எடுக்கிற குழாய்ல ரப்பர் வளையம் வெடிச்சிருந்துச்சு, அது வழியாத்தான் ஈஸ்ட் உள்ள போயிருக்கு. மாத்திட்டேன், அவ்ளோதான்."

"அப்ப அந்தப் பொண்ணு?"

"இப்ப ரப்பர்னு சொன்னா தொட்டியைத் திருப்பிக் கேக்கும் லா. தோசையாவே இருக்கட்டும்."

இருவரும் சிரித்தார்கள். வாளி தூக்குகிறவளுக்குக் காது கிடையாது என்று நினைத்தார்களோ என்னவோ.

அன்றைக்கே அவளிடம் சொன்னேன். என் கையைப் பிடித்துப் பேராசிரியர் அறைக்கு இழுத்துப் போனாள். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். பையனைக் கூப்பிட்டார்கள். அவன் முகம் மாறவே இல்லை.

"ஆன்ட்டி, நான் என் மோட்டார்சைக்கிள் டயரைப் பத்திப் பேசினேன். டயரும் ரப்பர்தானே?"

பேராசிரியர் ஏதோ சொல்லிச் சிரித்தார். அதில் எனக்குப் புரிந்தது தோசை என்ற ஒரு சொல்தான்.

"என்னம்மா சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல பெரியம்மா. வாங்க போகலாம்."

தேர்வில் அவளுக்குத் தேர்ச்சி கொடுக்கவில்லை. ஊருக்குப் போகிற அன்று படிக்கட்டுக்கு வந்தாள். இன்னும் என்ன வம்பு வருமோ என்று நான் வெறுங்கையோடு போயிருந்தேன்.

"தோசை எங்க?" என்றாள். நான் கையை விரித்துக் காட்டினேன். "நீங்களுமா பெரியம்மா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவர்கள் சிரித்ததைவிட மோசமாக இருந்தது.

சில மாதம் கழித்து அந்தப் பையன் டாக்டரானான். விருந்து வைத்தார்கள். ஆள் போதவில்லை என்று சுத்தம் செய்ய என்னை மேலே கூப்பிட்டார்கள். மேசை நிறைய, நம்மவர் கடைகள் இருக்கும் தேக்காவிலிருந்து வரவழைத்த தோசை. பேராசிரியர் விரலில் ஒட்டிய சட்னியைச் சப்பிக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி, சூடா இருக்கு, சாப்பிடுங்க லா," என்றான் பையன்.

நான் தட்டுகளைப் பொறுக்கினேன்.

அந்த வளையத்துக்குச் சரியான பெயர் என்ன, அது இருந்த இடத்தைச் சரியாகச் சொன்னேனா என்று தெரியவில்லை. இந்தப் படிப்புப் படித்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். சூடான கல்லில் ஈஸ்ட் பிழைக்காது என்று அவள் சொன்னாளே, அதையும் பாருங்கள். எனக்குச் சொன்னது அவள் ஒருத்திதான்.