படுக்க வைக்கும் சொல்

அக்கா இறந்து நாற்பது நாள் ஆகிறது. துக்கம் கேட்க வந்தவர்கள், "அதிர்ந்துகூடப் பேச மாட்டாங்க" என்றார்கள். யாரைச் சொல்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

அக்கா பிரசவ வார்டு நர்ஸ். இருபத்திரண்டு வருஷம். வலி எடுத்த பெண்ணைக் கட்டிலோடு கிடத்தி வைக்க அவளுக்கு மனசு வராது. சுவரைப் பிடித்தபடி தாழ்வாரத்தில் நடக்க விடுவாள். குத்துக்காலிட்டு உட்கார வேண்டுமென்றால் தரையில் போர்வை விரித்துத் தோள் கொடுப்பாள். ஆயாக்கள் அவளுக்கு வைத்த பெயர் 'நடைராணி'. சேர்ந்த நிமிஷத்திலிருந்து படுக்கையில்தான் இருக்க வேண்டும் என்பது தலைமை டாக்டரம்மாவின் விதி.

ஞாயிறுதோறும் தையல் கடை மாடியில் எஸ்பெராண்டோ வகுப்புக்குப் போவாள். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று ஒருவர் உருவாக்கிய மொழி அது. அதில் பிரசவத்துக்கு 'அக்கூஷி' என்றொரு சொல். வேர்ச்சொல் அகராதியைப் புரட்டியவள் பட்டென்று மூடினாள்.

"பிரெஞ்சிலிருந்து எடுத்திருக்காங்கடி. அங்க அதுக்கு மூலம், படுக்கையில கிடத்துறது! பெத்துக்கிறவ ஒருத்தி, பேரு கட்டிலுக்கா?"

"ஒரு சொல்லு தானேக்கா, விடேன்."

"உனக்கென்ன, காலேஜ்ல கால் மேல கால் போட்டு உட்கார்ந்திருக்கே."

அதே மொழியில் 'நாஸ்கி' என்று இன்னொரு சொல் இருந்தது. பிறத்தலைச் சொல்லும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அன்றுமுதல் அவள் வாயில் அது மட்டும்தான்.

அடுத்த மாதம், தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்த தலைப்பிரசவக்காரி ஒருத்தி டாக்டரம்மா கண்ணில் பட்டுவிட்டாள்.

"யாரைக் கேட்டு இறக்கினே?"

"இவளைக் கேட்டுத்தான் மேடம்."

குழந்தை நலமாகப் பிறந்தது. விளக்கம் கேட்டு மெமோவும் பிறந்தது.

"மன்னிச்சுக்குங்கன்னு ஒரு வரி எழுதிட்டு வேலையைப் பாருக்கா" என்றேன். அவள் ஒன்றரைப் பக்கம் எழுதினாள். முதல் பத்தி முழுக்க அக்கூஷியின் வேர். மெமோவுக்கு இப்படியொரு பதில் எழுத அவளால்தான் முடியும்.

மருத்துவமனைக் கண்காணிப்பாளர் கூப்பிட்டனுப்பினார். துணைக்கு நானும் போனேன்.

"என்ன பாஷைம்மா இது?"

"யாருக்கும் சொந்தமில்லாத பாஷை சார். அதுலயும் எங்களைப் படுக்கத்தான் போட்டிருக்காங்க. சொல்லை என்னால மாத்த முடியாது. வார்டுல முடியும்."

அவர் வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு தாளை நகர்த்தினார். இனி எந்தக் கர்ப்பிணியையும் படுக்கையை விட்டு இறக்க மாட்டேன் என்று அதில் டைப் அடித்திருந்தது.

"கையெழுத்துப் போட்டா வார்டுலயே இருக்கலாம். இல்லேன்னா துணி அறைதான். அங்க போர்வை மட்டும்தான் இருக்கும், பார்த்துக்க."

அந்த வார்டு அவளுக்கு உயிர். அவள் பேனாவை எடுத்ததும் எனக்கு மூச்சு வந்தது. அவள் அதன் மூடியைத் திருகி மூடி, அவர் பக்கமே வைத்தாள்.

"துணி அறைச் சாவி யார்கிட்ட சார் இருக்கு?"

எட்டு வருஷம் போர்வை மடித்தாள். ஒவ்வொரு வருஷமும் அதே தாள் வந்தது. வந்தபடியே திரும்பிப் போனது.